கரையைச் செதுக்குவது எது? அலை, ஓதம், மணல்: ஓர் எளிய விளக்கம்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு செய்தி அடிக்கடி வரும்: "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்." பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும் படமும் கூடவே வரும். மழைக்காலத்தில் வேறொரு செய்தி: "கடல் சீற்றத்தால் வீடுகள் இடிந்தன, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கற்கட்டு) அமைக்க மீனவர்கள் கோரிக்கை." முதலாவது பெரும்பாலும் ஓதம், அதாவது கடல் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது. இரண்டாவது அலையும் மணலும் சேர்ந்து செய்வது. சுனாமி, புயல், ஓதம், அரிப்பு என்று எது நடந்தாலும் "கடல் பொங்கிவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நோய் எதுவென்று பிரித்துப் பார்க்காததால் மருந்தும் தவறாகிறது. பல கோடி ரூபாய்க் கருங்கல் கடலுக்குள் போகிறது, அடுத்த குப்பம் சரிகிறது. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து விளக்க வேண்டும் என்று தோன்றியது.

தலைமடையும் கடைமடையும்

காவிரிப் பாசன ஊர்களில் வாய்க்காலைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் முதலில் எட்டும் வயல் தலைமடை. கடைசியில் எட்டுவது கடைமடை. நடுவில் ஒருவர் வாய்க்காலை அடைத்துவிட்டால் அடைப்புக்கு மேலே தண்ணீர் தேங்கும், கீழே வயல் காயும். காய்ந்த வயல்காரர் தன் வயலைச் சுற்றி எவ்வளவு உயரமாக வரப்பு போட்டாலும் பயனில்லை. அடைப்பு இருக்கும் இடம் வேறு.

கடற்கரையும் இப்படி ஒரு வாய்க்கால்தான். அதில் ஓடுவது மணல். மெரினாவில் நாம் கால் வைக்கும் மணல் அங்கேயே பிறந்து அங்கேயே கிடப்பதில்லை. ஆறுகள் மலையிலிருந்து அரைத்துக் கொண்டுவந்து கடலில் கொட்டியதை அலைகள் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகின்றன. ஓர் ஊரின் கரை என்பது, அந்த வழியாகப் போகும் மணல் சற்று நேரம் தங்கிச் செல்லும் இடம். வருவதும் போவதும் சமமாக இருந்தால் கரை நிற்கும். வரவு குறைந்தால் கரை தேயும்.

ஓதம்: நிலவின் இழுப்பு

கடல் மட்டம் நாள்தோறும் ஒழுங்காக ஏறி இறங்குவதே ஓதம். இதற்குக் காரணம் நிலவு, துணைக்குச் சூரியன்.

நிலவின் ஈர்ப்பு பூமியின் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. நிலவைப் பார்த்த பக்கத்தில் சற்று அதிகம், எதிர்ப்பக்கத்தில் சற்றுக் குறைவு. இந்த வேறுபாடுதான் கடல்நீரை இரண்டு பக்கமும் திரளச் செய்கிறது: நிலவுக்கு நேரே ஒரு திரட்சி, அதற்கு நேர் எதிரே இன்னொன்று. பூமி சுழலும்போது ஒவ்வொரு கரையும் இந்த இரண்டையும் கடந்து போகிறது. அதனால் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலவும் சற்று நகர்ந்துவிடுவதால் இந்தச் சுழற்சி 24 மணி 50 நிமிடம் ஆகிறது. நேற்று காலை 6 மணிக்கு ஏறிய நீர் இன்று 6.50 அளவில் ஏறும்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வருகின்றன. சூரியனின் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆனாலும் இரண்டும் சேரும்போது ஏற்றம் வழக்கத்தைவிட உயரும், இறக்கம் வழக்கத்தைவிடத் தாழும். இதைப் பேரோதம் என்பார்கள். திருச்செந்தூர்ப் பாறைகள் வெளியே தெரிவது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான்.

சுனாமிக்கு முன் கடல் பின்வாங்குவது வேறு. ஓதம் உச்சத்திலிருந்து தாழ்மட்டத்துக்கு இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுனாமியில் சில நிமிடங்களுக்குள் கடல் வெகுதூரம் வற்றிப்போகும். அப்படிக் கண்டால் நின்று பார்க்கக் கூடாது. உடனே மேட்டை நோக்கி ஓட வேண்டும். ஓதத்தையும் இதையும் ஒரே தலைப்பில் எழுதும் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. மாதம் இருமுறை பொய் எச்சரிக்கை கேட்ட காது, உண்மை எச்சரிக்கையையும் பொருட்படுத்தாமல் போய்விடும்.

ஓதத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் பேரோதத்தின்போதுகூட ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். குஜராத்தின் காம்பே வளைகுடா புனல் வடிவில் குறுகிப் போவதால் அங்கே நீர் நெருக்கப்பட்டு 10 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் இது 16 மீட்டரை எட்டும்.

அலை: காற்றின் கைவேலை

நாம் கரையில் நின்று பார்க்கும் அலைகளை உண்டாக்குவது காற்று. நிலவுக்கும் இந்த அலைகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு நீண்ட பரப்பில் வீசுகிறது என்பதைப் பொறுத்து அலை பெரிதாகும்.

ஆழ்கடலில் அலை நீரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. மிதக்கும் தேங்காய் ஒன்றைக் கவனியுங்கள்: அலை வரும்போது ஏறி, சற்று முன்னே போய், இறங்கி, கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். நகர்வது ஆற்றல், நீர் இருந்த இடத்தில் வட்டமிடுகிறது. இந்த வட்டம் ஆழத்தில் சிறுத்துக்கொண்டே போய், இரண்டு அலைமுகடுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி ஆழத்தில் ஏறக்குறைய இல்லாமலாகும்.

கரையை நெருங்கும்போது அலையின் அடி தரையை உணர்கிறது. வேகம் குறையும், உயரம் கூடும். அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழம் வரும் இடத்தில் அது நிலைகுலைந்து உடையும். அதுவரை சுமந்துவந்த ஆற்றல் முழுவதும் அந்தச் சில மீட்டர்களில் கொட்டப்படுகிறது, மணல் கிளம்புகிறது. உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆண்டு முழுவதும் அடிக்கும் சிற்றலைகளைவிடச் சில நாள் பேரலைகள் கரையை அதிகம் மாற்றுவதற்கு இதுவே காரணம்.

அலை அடிக்கும் ஊரில் காற்று வீச வேண்டும் என்பதில்லை. தென்பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து, வானம் தெளிந்த ஒரு நாளில் நம் தென்கோடியில் வந்து விழும். கேரளத்திலும் குமரியிலும் மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட அலைக்காலம். ஹைதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. வானம் தெளிவாக இருந்தாலும் அந்த எச்சரிக்கைக்கு மதிப்புக் கொடுங்கள்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை: ஓதம் நிலவாலும் சூரியனாலும் மணிக்கணக்கில் ஏறி இறங்குவது. அலை காற்றால் நொடிக்கணக்கில் வந்து உடைவது. நம் கிழக்குக் கரையில் மணலை நகர்த்தும் வேலையாள் பெரும்பாலும் அலை. எந்த உயரத்தில் அந்த வேலை நடக்க வேண்டும் என்று இடம் காட்டுவது ஓதம்.

மணல் நடக்கும் விதம்

அலை கரைக்கு நேராக வருவது அரிது. சற்றுச் சாய்வாகவே வரும். உடைந்த அலை மணலைச் சாய்வாகவே கரைமேல் ஏற்றுகிறது. திரும்பும் நீரோ சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஏறும்போது சாய்வு, இறங்கும்போது நேர். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணற்துகள் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அலை உடையும் பகுதியில் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் உண்டாகி, கிளம்பிய மணலை இழுத்துச் செல்லும். இரண்டும் சேர்ந்ததே கரையோர மணல் ஓட்டம். நான் சொன்ன வாய்க்கால் இதுதான்.

சோழமண்டலக் கரையில் இந்த வாய்க்காலுக்கு இரண்டு திசை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தை ஒட்டிய நீண்ட மாதங்களில் அலை தெற்கு, தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலை திசை மாறி, மணல் தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போகும் காலம் நீண்டது. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்ந்திருக்கும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையைப் பற்றி ஒரே ஒரு செய்தியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

அலை மணலைப் பிரித்தும் வைக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பும் சிவப்புமாகத் தெரியும் மணல் கனமான தாதுக்கள். மேலேறும் அலை எல்லாவற்றையும் கொண்டுவரும், வலுக்குறைந்து திரும்பும் நீர் இலேசான வெண்மணலை மட்டும் இழுத்துப் போகும், கனமானது தங்கிவிடும்.

தேய்ந்து வளரும் கரை

டிசம்பரில் பட்டினப்பாக்கம் போனால் கரை செங்குத்தாக வெட்டுப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். உடனே கடல் ஊருக்குள் வருகிறது என்று பதறத் தேவையில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் பேரலைகள் கரை மணலை வழித்தெடுத்துச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் ஒரு மணல்திட்டாகக் குவிக்கின்றன. அடுத்து வரும் அலைகள் அந்தத் திட்டிலேயே உடைந்துவிடுவதால் கரைக்கு அடி குறைகிறது. கடல் அமைதியானதும் சிற்றலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. கரை தன்னைக் காத்துக்கொள்ளும் முறை இது.

இதற்குப் பின்னால் சேமிப்பாக நிற்பவை மணல்மேடுகள். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும். பெரும்புயலில் அலை மேட்டின் அடிவரை வந்து அங்கிருந்து மணலைக் கடனாக எடுத்துக்கொள்ளும். மேட்டைச் சமன்செய்து, கொடிகளைப் பிடுங்கி, நடைபாதையும் விடுதியும் கட்டிய இடங்களில் கடன் கொடுக்க ஒன்றுமில்லை. அலை நேராகக் கட்டடத்தின் அடியைத் தோண்டுகிறது.

இந்தப் பருவ மாற்றத்தைக் கண்கூடாகக் காண வேண்டுமென்றால் தனுஷ்கோடிக்குப் போக வேண்டும். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. அவ்வூர் மக்கள் தெற்கை ஆண்கடல் என்றும் வடக்கைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் தூங்கும். வடகிழக்குக் காற்றில் நிலைமை மாறும். இரண்டு கடலும் மாறி மாறித் தள்ளுவதால் அரிச்சல்முனையின் மணல்நுனி ஆண்டுக்குள்ளேயே வடிவம் மாறுகிறது.

1964 டிசம்பரில் அந்த ஊரை அழித்தது இந்த அன்றாட வேலை இல்லை. அது புயல் எழுச்சி: புயற்காற்று கடல்நீரைக் கரைமேல் தள்ளிக் குவிப்பது. காற்றழுத்தம் குறைவதாலும் கடல் சற்று உயரும், ஆனால் பெரும்பங்கு காற்றுக்கே. புயல் எழுச்சியும் ஓத ஏற்றமும் ஒரே வேளையில் வந்தால் அலைகள் வழக்கமாக எட்டாத உயரத்தில் நின்று அடிக்கும். புயல் எந்த மணிக்குக் கரையைக் கடக்கிறது என்பது இதனால்தான் உயிர்ப் பிரச்சினை.

ஓதம் தனியாகச் செய்யும் வேலை

நம் கரையில் ஓதம் சிறியது. ஆனாலும் முகத்துவாரங்களில் அதை விட்டால் ஆள் இல்லை. ஆறோ ஏரியோ கடலோடு சேரும் வாயில்தான் முகத்துவாரம். அலை மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைக்கப் பார்க்கும். ஏறி இறங்கும் ஓதநீர் உள்ளே போய் வெளியே வந்து மணலை அப்புறப்படுத்தப் பார்க்கும். உள்ளே நீர் பரவ எவ்வளவு அகலமான இடம் இருக்கிறதோ அவ்வளவு நீர் போய்வரும், வாயும் திறந்திருக்கும். கழிவெளிகளை, அதாவது முகத்துவாரத்துக்கு உள்ளே ஓதநீர் பரவும் தாழ்நிலங்களை, தூர்த்துக் கட்டடம் கட்டினால் போய்வரும் நீர் குறைகிறது; மழை முடிந்து ஆற்று நீரும் நின்றதும் வாய் அடைபடுகிறது. அடையாற்றிலும் கூவத்திலும் நடப்பது இதுவே. பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே இழுபறிதான். வாய் அடைந்தால் படகு போகாது, இறால் குஞ்சும் உள்ளே வராது.

அலை அடங்கிய இடங்களில் ஓதத்தின் கை ஓங்கும். முத்துப்பேட்டைக் கழிவெளியில் நீர் மெதுவாக ஏறி இறங்கும்போது வண்டல் படிகிறது, சேற்றுத்தரை உருவாகிறது, அதில் அலையாத்தி மரங்கள் வேர்விடுகின்றன. ஓதம் பல மீட்டர் ஏறும் சுந்தரவனத்தில் நிலப்பரப்பே ஓதக் கால்வாய்களால் கிளைகிளையாகப் பிரிந்திருக்கிறது.

சுருக்கமாக: அலை ஆளும் கரை நீண்ட மணற்கரை, ஓதம் ஆளும் கரை சேறும் கால்வாயும் காடும். சென்னையிலிருந்து வேதாரண்யம் நோக்கிப் போகும் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

வாய்க்காலை அடைத்த சென்னை

மதராஸ் நகரத்துக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நிற்க, மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி ஆளும் சரக்கும் வரும். அந்தக் காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைச் சுவருக்கு மிக அருகிலேயே அலை அடித்தது. 1870களின் நடுவில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881இல் ஒரு புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள்.

வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. ஆண்டுதோறும் குவிந்தது. கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே நிலம் வளர்ந்தது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் கரையோர நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் சூட்டினார். அதன்பிறகும் கரை அகலமாகிக்கொண்டே இருந்தது. இன்று சாலையிலிருந்து அலையைத் தொட இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருப்பதற்கு அந்தச் சுவர் பெரிய காரணம். மணல் துறைமுக வாயையும் நெருக்கியதால், கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார்கள்.

மெரினாவில் சேர்ந்த மணல் எங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது? இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். அந்தக் கரைகள்தான் கடைமடை. அங்கே அலைகள் மணலை வழக்கம்போல் வடக்கே கொண்டுபோயின. ஈடுகட்டத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. குப்பங்கள் பின்வாங்கின, கோயில்களும் வீடுகளும் விழுந்தன, எண்ணூர் சாலைக்குக் கருங்கல் கொட்டியபடியே இருக்க வேண்டியதாயிற்று. வடசென்னை இழந்த கரை என்று ஒன்று இருக்கிறது. மெரினாவின் அழகைப் பேசும்போது யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும்.

தூண்டில் வளைவும் கற்சுவரும்

கரை தேயும் ஊரில் முதலில் கேட்பது தூண்டில் வளைவு: கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கற்கட்டு. அது மணலைப் பிடிக்கும், சந்தேகமில்லை. பிடித்த மணல் வடக்கே உள்ள ஊருக்குப் போக வேண்டியது. எனவே அடுத்த ஆண்டு அந்த ஊர் தூண்டில் வளைவு கேட்கும். தன் வீடு விழுவதைப் பார்த்து நிற்பவரிடம் இதைச் சொல்வது எளிதன்று. அவர் கேட்பதில் குற்றமில்லை. ஊர் ஊராகக் கேட்டுத்தான் பெற வேண்டும் என்று வைத்திருக்கும் முறையில்தான் குற்றம்.

கரைக்கு இணையாகக் கொட்டும் கற்சுவர் பின்னால் உள்ள சாலையைக் காக்கும். ஆனால் அதில் மோதித் திரும்பும் அலை சுவரின் அடிமணலைத் தோண்டிவிடும். சாலை பிழைக்கும், மணற்கரை போகும். வலை காயவைக்கவும் படகை ஏற்றவும் இடமிருக்காது.

புதுச்சேரி இதன் முழுக்கதை. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தின் மணற்கரை மறைந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. கல்வரிசை நீள நீள அரிப்பும் வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போனது.

அதே நகரத்தில்தான் மாற்றுவழியும் முயலப்பட்டது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு வடக்கே கடலுக்கடியில் ஆப்பு வடிவ எஃகு அமைப்பொன்று இறக்கப்பட்டது. அலை கரைக்கு வருமுன்னே அதில் ஆற்றலை இழக்கும். துறைமுகத்தில் தோண்டிய மணலையும் கரையில் கொட்டினார்கள். குழந்தைகள் விளையாடும் மணற்கரை ஒரு பகுதியில் திரும்பி வந்தது.

மணலைக் கைமாற்றிக் கொடுப்பது புதிய யோசனை இல்லை. விசாகப்பட்டினம் துறைமுகம் தன் வாயருகே தோண்டும் மணலைப் பல ஆண்டுகளாக நகரக் கடற்கரைக்கு அனுப்பிவருகிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து எல்லையில் உள்ள ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியே மணலை மறுகரைக்குத் தள்ளுகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர். அங்கே இரண்டு மாநில அரசுகளும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. இங்கும் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒரே கணக்கேட்டை விரித்து, துறைமுகத்துக்குத் தெற்கே எவ்வளவு மணல் நிற்கிறது, வடக்கே எத்தனை ஊருக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்து ஆண்டுதோறும் நகர்த்தினால், சின்ன முதலியார்சாவடிக்குக் கல் லாரிக்குப் பதிலாக மணல் வந்து சேரும்.